பதினான்காம் படத்தின் அகலம்

கரையோர அறிக்கை ஒழுங்கு ஆணையத்துக்கும் கரைக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கரையைப் பார்ப்பது வேறு துறை. அந்தத் துறை கரையைப் பற்றி எழுதும் அறிக்கை பார்க்க லட்சணமாக இருக்கிறதா, ஓரத்தில் ஒன்றரை அங்குலம் விட்டிருக்கிறதா, படங்கள் அடக்கமாகக் கட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் ஆணையத்தின் வேலை. இராயபுரத்தில் ஒரு பழைய துறைமுகக் கிடங்கில், பதினேழு அதிகாரிகளும் ஒரு லேமினேஷன் இயந்திரமுமாக அது சீராக நடந்துவந்தது. கடல்காற்று அடித்தால் காகிதம் பறக்கிறதென்று கிழக்குப் பக்கத்து ஜன்னல்களையெல்லாம் ஆணி அடித்து மூடியிருந்தார்கள்.

நொச்சிமுகக் குப்பத்து லோகநாதனுக்கு இப்படி ஓர் ஆணையம் இருப்பதே தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒரு முகத்துவாரம். எண்ணூருக்கு வடக்கே ஒரு கிளை ஓடை கடலில் கலக்கும் இடம் அது. குப்பத்தின் நாற்பத்திரண்டு ஃபைபர் படகுகளும் அந்த வழியாகத்தான் கடலுக்குப் போய்த் திரும்ப வேண்டும், வேறு வழி கிடையாது. அதன் நட்டநடுவில், தன் குழாயைத் தாங்குவதற்காகப் பதினாலு அடி அகலத்தில் ஒரு கான்கிரீட் தூண் நட வேண்டும் என்று ஒரு கம்பெனி கேட்டிருந்தது. தூண் வந்தால் படகு போகாது, படகு போகாவிட்டால் குப்பம் இல்லை. இதற்கு ஆதாரமாக ஒரு படம் அனுப்புங்கள் என்று துறையிலிருந்து கடிதம் வந்தது. குப்பத்துப் பஞ்சாயத்துத் தலைவர் என்ற முறையில் லோகநாதன் தன் தம்பி ரஞ்சித்தைத் தண்ணீரின் விளிம்பில் நிற்கவைத்து, போனை நெட்டுக்குத்தாகப் பிடித்து ஒரு படம் எடுத்து அனுப்பினார். ஊரில் எல்லாரும் போனை அப்படித்தான் பிடிக்கிறார்கள். அது எவ்வளவு பெரிய தப்பு என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மூன்று மாதம் கழித்து வரைவு அறிக்கை வந்தது. பளபளவென்று அட்டை. முதல் பக்கம் முழுக்க ஆணையத்தின் இயக்குநர் பொன்ராஜின் வண்ணப்படம், மீசையில் ஒவ்வொரு முடியையும் எண்ணிவிடலாம். அறுபத்தோராம் பக்கத்தில் படம் எண் பதினான்கு, முகத்துவாரம். அதை வேறு ஊர் என்றுதான் லோகநாதன் முதலில் நினைத்தார். ஓடை ஏரியாகக் கிடந்தது. கரையில் ஒருவன் தண்ணீர் அண்டா மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

“யார்டா இவன்?”

“நான்தாண்ணா. சட்டையப் பாரு,” என்றான் ரஞ்சித்.

“நீயா? இன்னாடா இப்டி ஊதிக்கீற?”

“நான் இன்னா பண்றது? எட்த்தது நீ.”

படத்தின் கீழே பொடி எழுத்தில் இப்படி அச்சாகியிருந்தது: ‘படத்தில் உள்ள நபரின் உயரத்தைக் கொண்டு கணக்கிட்டதில் முகத்துவாரத்தின் அகலம் தொண்ணூற்றாறு அடி. தூண் போக இருபுறமும் தலா நாற்பத்தோரு அடி எஞ்சும். படகுகள் பக்கத்துக்கு இரண்டாகச் சிரமமின்றிச் செல்லலாம். ஆகவே தூண் நடுவதற்குத் தடையில்லை. ஆட்சேபம் இருப்பின் முப்பது நாள்களுக்குள் தெரிவிக்கலாம். அதன்பின் அறிக்கை நூலாகக் கட்டப்பட்டு இறுதியாகும்.’

லோகநாதன் வலைக்கயிற்றை எடுத்துக்கொண்டு போனார். கரைக்குக் கரை கயிற்றைப் போட்டு, இரண்டு கையையும் விரித்து விரித்து அளந்தார். நாலு பாகம். அவர் கைவிரிப்புக்கு ஒரு பாகம் ஆறு அடி, ஆக இருபத்துநாலு அடி. நம்பாமல் ரஞ்சித்தும் அளந்தான். அவனுக்குக் கை நீளம் என்பதால் அதில் ஒரு சாண் குறைந்தது. தூண் போக பக்கத்துக்கு ஐந்து அடிதான் மிஞ்சும். படகின் அகலமோ ஆறரை அடி.

“கயித்த எட்த்துனு வா,” என்றார் லோகநாதன். “நேரா போய் கேட்டுட்டு வந்துடலாம்.”

ஆணையத்தில் அவர்களை உட்காரவைத்துப் பேசியவர் பட அளவுப் பிரிவின் அலுவலர் ஜெபின். மரியாதையான மனிதர். சட்டைப்பையில் பேனாவோடு ஒரு சிறிய பிளாஸ்டிக் ஸ்கேலும் வைத்திருந்தார்.

“சார், இந்தப் படத்த இஸ்து வுட்டுக்கீறாங்க,” என்றார் லோகநாதன்.

“இழுக்கலைங்க. பொருத்தியிருக்கோம்.” ஜெபின் விதிப் புத்தகத்தைப் பிரித்தார். “விதி ஒன்பது. எல்லாப் படமும் பதினஞ்சு சென்டிமீட்டர் அகலம், அஞ்சு சென்டிமீட்டர் உயரம். ஏழை படம், பணக்காரர் படம்ங்கிற பேதமே கிடையாது. உங்க படம் நெட்டையா வந்தது. அப்படியே போட்டா ரெண்டு பக்கமும் வெள்ளையா இடம் விழும். வெள்ளை இடத்தைப் பார்த்தா ஆணையம் எதையோ மறைக்குதுன்னு ஜனங்க நினைப்பாங்க. இங்கே ஒளிவுமறைவே கிடையாது.”

“அதுக்குன்னு ஓடைய நாலு பங்கு ஆக்கிடுவியா சார்? முன்னாடி பக்கத்துல ஒரு சாரு கீறாரே, அவரு மட்டும் ஒயுங்கா கீறாரு?”

ஜெபின் குரலைத் தாழ்த்தினார். “அது விகிதப் பூட்டு. அகலம் குறைஞ்சா உயரமும் அதே கணக்கில் குறையும், ஆள் சிதைய மாட்டார். இணை இயக்குநரும் அதுக்கு மேலேயும் உள்ளவங்களுக்குத்தான் அது உண்டு. எனக்கே கிடையாது.” மேசை இழுப்பறையிலிருந்து ஆண்டறிக்கையை எடுத்துக் காட்டினார். அதில் ஜெபின் நசுங்கிய தகர டப்பா மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். “எங்க அம்மாவுக்கே அடையாளம் தெரியலை. ஆனா விதின்னா விதிதானே.”

லோகநாதன் கயிற்றை மேசைமேல் வைத்தார். “நாங்க அளந்துட்டோம் சார். நாலு பாகம். ஒரு சாண் முன்ன பின்ன இருக்கும்.”

“பாகம் எங்க அலகுப் பட்டியலில் இல்லை. நாங்க முறையா அளந்திருக்கோம்.” ஜெபின் ஸ்கேலை எடுத்துப் படத்தின்மேல் வைத்தார். “இவர் உயரம் அரை சென்டிமீட்டர். அகலம் எட்டு புள்ளி ஏழு. நீங்களே வேணும்னாலும் வச்சுப் பார்க்கலாம்.”

“பேஜாரா போச்சே. நேரா ஒரு தபா வந்து பாரு சார். அரை மணி நேரத்து வேல.”

ஜெபின் நிஜமாகவே பதறிவிட்டார். “நேரில் பார்த்தா அது களப்பணிங்க. களப்பணிக்கு இங்கே பதவியே இல்லை.”

வேண்டுமானால் விகிதப் பூட்டு கோரி விண்ணப்பிக்கலாம் என்றார். மூன்று படிவம், இரண்டு சாட்சி, ஒரு பாஸ்போர்ட் போட்டோ. லோகநாதன் எல்லாவற்றையும் கொடுத்தார். மறுவாரம் முடிவைத் தெரிந்துகொள்ள வந்தபோது வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். விண்ணப்பதாரருக்கென்று அச்சிட்ட நுழைவு அட்டையில் அவருடைய போட்டோவும் பதினைந்துக்கு ஐந்தாகப் பொருத்தப்பட்டிருந்தது. காவலாளி அட்டையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார்.

“இது நீ இல்லப்பா. இவருக்கு மொகம் எம்மாம் அகலமா கீது.”

“நான்தான் நைனா. உள்ள கீற ஆளுங்கதான் அப்டி ஆக்கி வச்சுக்கீறாங்க.”

“அட்டைல கீற மாதிரி இருந்தாத்தான் வுடணும்னு ஆர்டரு. நான் இன்னா பண்ண?”

வாசலில் பத்து நிமிடம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் காவலாளிக்கே மனமிரங்கி, கன்னத்தையாவது உப்பிக் காட்டச் சொன்னார். ஐம்பத்திரண்டு வயதில், நாற்பத்திரண்டு படகுகளின் தலைவர், வாய் நிறையக் காற்றை அடைத்துக்கொண்டு அந்த வாசலைத் தாண்டினார். உள்ளே போய்ப் பார்த்தால், விண்ணப்பதாரர் இணை இயக்குநர் இல்லை என்பதால் விண்ணப்பம் தள்ளுபடியாகியிருந்தது. வெளியே வந்தவர் அந்த நுழைவு அட்டையை நாலாகக் கிழித்துச் சாக்கடையில் போட்டார். இனி இந்த இடத்தில் கன்னம் உப்புவதில்லை என்று அப்போதே முடிவு செய்துகொண்டார்.

தண்டையார்பேட்டையில் டி.டி.பி.யும் ஃபிளெக்ஸும் போடும் கடை வைத்திருக்கும் பெண்மணி தஹ்சீன். குப்பத்துக் காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவர் கைப்பட்டுத்தான் சுவருக்கு வரும். லோகநாதன் சொன்னதைக் கேட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் ரஞ்சித்தின் படத்தைத் திறந்தார்.

“இங்க பாருங்கண்ணே. மூலையப் புடிச்சு இழுத்தா ஆளு ஆளாவே இருப்பான். சைடப் புடிச்சு இழுத்தா இப்டித்தான் ஆவான்.” ரஞ்சித் திரையில் ஒல்லியானான், பருத்தான், மறுபடி ஒல்லியானான். “கடைக்கு வேலைக்குச் சேர்ந்த மொத நாளே இதத்தான் சொல்லித் தருவேன். கவர்மென்ட்ல எவனுக்கும் தெரியாதா?”

“தெரியும்மா. தெரிஞ்சேதான் பண்றானுங்க. மூலையப் புடிக்க அவனுங்க ஆபீசர் ஆவணுமாம்.”

விண்ணப்பத்தோடு லோகநாதன் கேட்டு வாங்கி வந்திருந்த விதிப் புத்தகத்தைத் தஹ்சீன் வாங்கி வைத்துக்கொண்டார். கல்யாணப் பத்திரிகையில் ஒற்றைப் பிழையைக்கூட விடாத கண் அது. இரண்டு நாள் கழித்து லோகநாதனுக்குப் போன் வந்தது.

“அண்ணே, முப்பத்தேழாவது விதி. வாசிக்கிறேன், கேளுங்க. ‘பொருளின் உண்மை அளவிலேயே சமர்ப்பிக்கப்படும் படங்களுக்குக் கட்டம் பொருந்தாது. அவற்றை அறிக்கையோடு அப்படியே சேர்த்துக் கட்ட வேண்டும். அளித்தவரின் எழுத்துபூர்வமான சம்மதமின்றி அவற்றைக் குறைக்கவோ கூட்டவோ கூடாது.’ எவனோ இறால் படம் ஒட்டறதுக்காக எழுதி வச்சிருக்கான் போல.”

“உண்மை அளவுன்னா?”

“இருபத்துநாலு அடின்னா இருபத்துநாலு அடிண்ணே. காதுகுத்துக்கே நான் முப்பதடி போட்டிருக்கேன். இதையும் கொஞ்சம் பெருசாவே போட்டுடலாமா? எடுப்பா இருக்கும்.”

“வேணாம்மா,” என்றார் லோகநாதன். குரலில் கோபமே வந்துவிட்டது. “இருபத்துநாலு. ஒரு இன்ச்சு ஏறவும் கூடாது, எறங்கவும் கூடாது. நாமளும் இஸ்து வுட்டுட்டா அவனுக்கும் நமக்கும் இன்னா வித்தியாசம்?”

ஆட்சேபங்களைக் கேட்க ஆணையம் வைத்த கூட்டத்துக்குக் குப்பமே கிளம்பிவிட்டது. காசிமேட்டுக்கு ரிப்பேருக்குப் படகு ஏற்றிப்போகும் மினி லாரியில் லோகநாதனின் படகு வந்தது. ஃபிளெக்ஸ் சுருள் இன்னொரு வண்டியில். கூட்ட அறையின் அகலம் இருபதே அடி என்பதால் சுருளைக் கிடங்கின் முற்றத்தில்தான் விரிக்க முடிந்தது. இரண்டு கம்பத்துக்கு நடுவே முகத்துவாரம் எழுந்து நின்றது. ஓரத்தில் படத்து ரஞ்சித் ஐந்தரை அடி, அவன் பக்கத்தில் போய் நின்ற நிஜ ரஞ்சித்தும் ஐந்தரை அடி. குறுக்கே தஹ்சீன் வலைக்கயிற்றைப் பிடித்துக் காட்டினார், நாலு பாகம். பதினாலு அடித் தூணையும் சாம்பல் நிறத்தில் தனி ஃபிளெக்ஸாக அடித்துக் கொண்டுவந்திருந்தார். அதை நடுவில் தொங்கவிட்டு, மிஞ்சிய இடத்துக்கு முன்னால் படகைக் கொண்டுவந்து வைத்தார்கள். படகின் விலா தூணுக்குள் ஒன்றரை அடி போய் உட்கார்ந்தது. படிக்காதவர்கூடப் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி அது நின்றது. அதிகாரிகள் பதினேழு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இயக்குநர் பொன்ராஜ் மைக்கை வாங்கினார். அவருக்குப் பேச்சு வரும்.

“நண்பர்களே, படத்தைப் பெரிதாகப் போட்டால் உண்மை பெரிதாகிவிடாது. இந்த ஆணையத்தின் சாதனையைச் சற்று எண்ணிப்பாருங்கள். எவ்வளவு பெரிய பிரச்சினையாக இருந்தாலும் அதை ஐந்து சென்டிமீட்டருக்குள் கொண்டுவந்தவர்கள் நாங்கள். சடையங்குப்பத்தில் வெள்ளம் ஜன்னல் வரை நிற்கிற படம் எங்களிடம் வந்தது. ஒரு மோட்டார் பம்பு கிடையாது, ஒரு படகு கிடையாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்தத் தண்ணீரைக் கணுக்காலுக்குக் கொண்டுவந்தோம்! சாம்பல் மேடு ஒன்று வந்தது, அதைச் சமவெளியாக்கினோம். ஒரு புகைபோக்கி வந்தது, ஸ்டூலாக்கினோம். மக்கள் நிம்மதியாகப் படிக்கிறார்கள். இவர்களோ எல்லாவற்றையும் இருக்கிற அளவிலேயே காட்டினால்தான் ஆச்சு என்கிறார்கள். இருக்கிற அளவிலேயே காட்டுவதற்கு ஆணையம் எதற்கு? ஜன்னல் போதுமே!”

பின்வரிசை அதிகாரிகள் கைதட்டினார்கள். கிடங்கின் ஜன்னல்கள் ஆணி அடித்தபடியே இருந்தன. பொன்ராஜ் உற்சாகமாகிவிட்டார்.

“படத்தைக் குறைக்க உங்களுக்குச் சம்மதமில்லை. நல்லது, அதை மதிக்கிறேன். அப்படியானால் படகைக் குறையுங்கள். எழுபத்தைந்து சதவீதம் வைத்தால் தாராளமாக உள்ளே போகும். என் தனி அதிகாரத்தில் படகுகளுக்கு விகிதப் பூட்டே தருகிறேன். நீளம், அகலம், உயரம் ஒன்றாகக் குறையும், படகு சிதையாது.”

“மீனு சார்?” என்று கூட்டத்திலிருந்து ரஞ்சித் கத்தினான். “அத்தயும் முக்காவாசியா வரச் சொல்லிட்டியா?”

சிரிப்பு அடங்கும்வரை லோகநாதன் காத்திருந்தார். பிறகு மைக் இல்லாமலே பேசினார். “சார், நீ வெள்ளத்தக் கொறைச்ச, மேட்டக் கொறைச்ச. எங்க ஜனங்களயும் கொறைச்சுப் பார்த்த. கன்னத்த உப்பிக்கினு உன் வாசல்ல நின்னேன் நான். இது எங்க மொகத்துவாரம். இருக்கறது இம்மாந்தான். இத்த நீ பெருசு பண்ணவும் வேணாம், சிறுசு பண்ணவும் வேணாம். முப்பத்தேழாவது விதில வாங்கிக்கினேன்னு சீல் போட்டுக் குடு.”

விண்ணப்பம் எதுவாக இருந்தாலும் முத்திரை குத்துவது ஜெபினின் கடமை. ஃபிளெக்ஸின் மூலையில் குத்திவிட்டார். அதன் விளைவு ஒரு வாரம் கழித்துத்தான் ஆணையத்துக்கு உறைத்தது.

இருபத்துநாலுக்குப் பத்து அடி ஃபிளெக்ஸை மடித்து மடித்து அறிக்கையோடு வைத்தால் அது தலையணை அளவுக்கு வந்தது. பைண்டிங்காரர் ஊசி உடைந்ததென்று திருப்பி அனுப்பிவிட்டார். இன்னொருவர் துளைபோடும் இயந்திரத்தைக் கொண்டுவந்து பார்த்தார், அட்டை மூடவில்லை. விதி இரண்டின்படி, மூடாத அறிக்கை அறிக்கையே அல்ல. அறிக்கை இல்லையென்றால் தூணுக்கு அனுமதி இல்லை. ஃபிளெக்ஸைக் குறைக்கலாமென்றால் லோகநாதன் கையெழுத்துப் போட வேண்டும். கம்பெனி தினமும் போன் செய்தது. ஆணையம் லோகநாதனுக்கு ஒன்பது கடிதம் எழுதியது. ஒன்பதாவது கடிதத்தில் அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் ஆயுள் முழுக்க விகிதப் பூட்டு வழங்குவதாக இயக்குநரே எழுதியிருந்தார். எதற்கும் பதில் போகவில்லை. வேறு வழியில்லாமல் ஒருநாள் காலை, சம்மதப் படிவத்தையும் முத்திரையையும் எடுத்துக்கொண்டு ஜெபின் நொச்சிமுகக் குப்பத்துக்கே வந்து இறங்கினார். ஷூவுக்குள் மணல் புகுந்துவிட்டது. அப்படி ஒரு அனுபவம் பணியில் அவருக்கு அதுதான் முதல் தடவை.

“ஒரே ஒரு கையெழுத்துங்க. இல்லேன்னா என்னை மாத்திடுவாங்க,” என்றார்.

லோகநாதனுக்கு அவர்மேல் கோபமில்லை. நசுங்கின டப்பா மாதிரி அச்சாகிப் பழகிப்போன மனுஷன். “குந்து சார்,” என்று படகைக் காட்டினார். “ஒரு தபா போய்ட்டு வரலாம். அப்பால பேசலாம்.”

முகத்துவாரத்தில், தூண் வரப்போகிற இடத்தின் நான்கு மூலையிலும் கம்பெனிக்காரர்கள் ஏற்கெனவே சவுக்குக் கழி நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். படகுகள் தினமும் அந்தக் கழிகளுக்கு நடுவில் புகுந்துதான் போய்வந்தன. லோகநாதன் அன்று நடுவில் போகவில்லை. கழிக்கும் கரைக்கல்லுக்கும் இடையில் இருந்த ஐந்தடி இடுக்கைப் பார்த்துப் படகைத் திருப்பி, என்ஜினை முடுக்கினார். அலை தூக்கியது. ஜெபின் எழுந்து நின்றார், தடுமாறி உட்கார்ந்தார்.

“எங்கே போறீங்க? வழி அந்தப் பக்கம்!”

“நடுவுல தூண் நிக்குது சார். தெரியல? இது நாப்பத்தோரு அடி. ரெண்டு படகு போலாம், உக்காரு.”

இடதுபுறம் கல், வலதுபுறம் கழி, இரண்டும் நெருங்கி வந்தன. படிவத்தைப் பிடித்திருந்த கையைப் படகின் ஓரத்திலிருந்து வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டார் ஜெபின்.

“நிறுத்துங்க! இடிக்கப் போகுது! போகாது, படகு போகாதுங்க, இவ்ளோ பெரிய படகு இதுக்குள்ள போகவே போகாது!”

லோகநாதன் என்ஜினை அணைத்துத் துடுப்பை ஊன்றினார். படகு கழிக்கு ஒரு முழம் முன்னால் ஆடிக்கொண்டு நின்றது. லோகநாதன் அவர் கையிலிருந்த சம்மதப் படிவத்தை வாங்கி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தைத் திருப்பி அவர் மடியில் வைத்தார்.

“இப்ப கத்துனியே சார், அத்த இதுல எய்து. தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, சீல் வச்சுக் குடு. நீ சொன்னது சொன்னபடியே இருக்கட்டும். ஒரு எழுத்து கொறைக்காத.”

ஜெபின் பேனா மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தார்.